மூளையை ஸ்கேன் எடுத்தால் அக்காவுக்கு எந்த மாத்திரை ஒத்துவரும் என்று தெரிந்துவிடுமா?

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அக்காவுக்கு ஒன்றரை வருடமாக மனச்சோர்வு. இரண்டு மாத்திரை மாற்றிப் பார்த்தாயிற்று, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. வெளியூரில் ஒரு மையத்தில் மூளையை ஸ்கேன் எடுத்து, இவருக்கு இந்த மருந்துதான் சேரும் என்று எழுதிக் கொடுக்கிறார்களாம். மச்சான் நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். ஸ்கேனுக்கு முன்னால் இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தவும் சொல்கிறார்கள். போகலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "இன்னும் எத்தனை மாத்திரையை இப்படிப் போட்டுப் போட்டுப் பார்ப்பது?" நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் தடவையிலேயே சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க மருத்துவத்தில் வழியே கிடையாதா என்பதுதான் அது. மிக நியாயமான கேள்வி. என் துறையே முப்பது வருடமாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

நகை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அடகு வைக்க வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஒரு தனி ஆளின் மூளைப் படத்தைப் பார்த்து இவருக்கு இந்த மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யும் என்று நம்பிச் சொல்லும் நிலைக்கு எந்த நாட்டிலும் மருத்துவம் இன்னும் வரவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் அமைத்த குழு 2018-இல் எல்லாச் சான்றுகளையும் அலசி, மனநோயைக் கண்டறியவோ சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவோ இந்தப் படங்களை அன்றாட மருத்துவத்தில் பயன்படுத்தும் கட்டம் வரவில்லை என்றே முடிவு சொன்னது. அதற்குப் பிறகு நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன, ஆனாலும் அந்த முடிவு மாறவில்லை. அதே சமயம் இதெல்லாம் வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. இதன் பின்னால் நேர்மையான ஆராய்ச்சி இருக்கிறது. அதை விளக்கினால்தான் மச்சானிடம் நீங்கள் பேச முடியும்.

நான் மனநல மருத்துவம் படித்து, இந்தக் கடலோர மாவட்டத்தில் பல வருடங்களாக நோயாளிகளைப் பார்த்து வருகிறவன். மூளைப்பட ஆராய்ச்சியாளன் இல்லை. அந்தக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன், அவ்வளவுதான். உங்கள் அக்காவை நான் பார்த்ததில்லை, அதனால் இன்ன மாத்திரை, இத்தனை மில்லிகிராம் என்று எதையும் சொல்லப் போவதில்லை.

ஸ்கேன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உள்ளே மூன்று நான்கு வகை இருக்கிறது. ராமநாதபுரத்திலோ மதுரையிலோ சாதாரணமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைக் காட்டும்: கட்டி, ரத்தக்கசிவு, பழைய பக்கவாதத்தின் தழும்பு, சுருக்கம். மனச்சோர்வு அதில் தெரியாது. பெட் ஸ்கேன், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று பார்ப்பது. அதற்குச் சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டும். ஆராய்ச்சியில் இப்போது அதிகம் பேசப்படுவது செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் உள்ள ரத்தத்துக்கும் இல்லாத ரத்தத்துக்கும் காந்தப் பண்பில் சிறு வித்தியாசம் உண்டு. அதைப் பிடித்துப் படமாக்கலாம் என்று செய்ஜி ஒகாவா 1990-இல் காட்டினார். ஆக, இந்தப் படம் எண்ணத்தைக் காட்டுவதில்லை, நரம்பணுவைக்கூட நேராகக் காட்டுவதில்லை. ரத்த ஓட்டத்தைத்தான் காட்டுகிறது, அதுவும் நரம்பணு வேலை செய்து ஐந்தாறு வினாடி கழித்து. படத்தின் ஒரு புள்ளிக்குள் பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கியிருக்கும். சிவப்பும் நீலமுமாக நீங்கள் பார்க்கும் நிறங்கள் கணினி கணக்குப் போட்டுப் பூசியவை.

இதை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஹெலன் மேபெர்க் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு 2013-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்கு முன்னால் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஒரு பாதிப் பேருக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை, மறுபாதிக்கு சி.பி.டி. எனப்படும் பேச்சு சிகிச்சை. மூளையின் வலதுபுறம் இன்சுலா என்ற பகுதியின் முன்பக்கம் மந்தமாக இருந்தவர்கள் பேச்சு சிகிச்சையில் குணமானார்கள், மாத்திரையில் தேறவில்லை. அதே பகுதி அதிகமாக எரிந்துகொண்டிருந்தவர்களுக்கு நேர்மாறாக நடந்தது. அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு உண்டான பரபரப்பு இன்னும் நினைவிருக்கிறது. ஒரே நோய்ப்பெயர், இரண்டு வேறு மூளை நிலைகள், இரண்டு வேறு சிகிச்சைகள்! ஆனால் இந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்தவர்கள் 40 பேருக்கும் குறைவு.

2017-இல் இன்னொரு குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினியில் அலசி, மனச்சோர்வு ஒரே நோயல்ல, நான்கு உட்பிரிவுகளாகப் பிரிகிறது என்று அறிவித்தது. உலகம் முழுக்கச் செய்தியானது. இரண்டு வருடம் கழித்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் தங்கள் நோயாளிகளிடம் அதே முறையைச் செய்து பார்த்தார்கள். அந்த நான்கு பிரிவுகள் உண்மையாக இருக்கின்றன என்று சொல்லப் போதிய ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2024-இல் ஸ்டான்ஃபோர்டின் லியான் வில்லியம்ஸ் குழு, மனச்சோர்வும் பதற்றமும் உள்ள 801 பேரை வைத்து ஆறு வகைகளைச் சொன்னது. ஒரு வகையினருக்கு வென்லாஃபாக்சின் மாத்திரை மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்தது. இன்னொரு வகையினருக்குப் பேச்சு சிகிச்சை கூடுதலாகப் பலன் கொடுத்தது. இதுவரை வந்தவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான். இருந்தாலும் அதில் சிகிச்சையைக் குலுக்கல் முறையில் கொடுத்துவிட்டு, பிறகு படத்தோடு ஒப்பிட்டார்கள். படத்தை முதலில் பார்த்து, அதன்படி மருந்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் வழக்கமான முறையைவிட அதிகம் பேர் குணமாவார்களா என்பது தனிச் சோதனை. அந்தச் சோதனையில் தேறாத ஒன்றுக்கு மச்சான் நகையை வைக்கக் கூடாது.

ஆயிரம் பேரின் படங்களில் தெரிகிற வித்தியாசம் ஒருவருக்கு ஏன் உதவுவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். பாம்பன் ஆண்களின் சராசரி உயரம் மண்டபத்து ஆண்களைவிட அரை அங்குலம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆயிரம் பேரை அளந்தால் அந்த வித்தியாசம் சந்தேகமில்லாமல் தெரியும். ஆனால் பஸ்ஸில் ஏறும் ஒருவரின் உயரத்தை மட்டும் பார்த்து அவர் எந்த ஊர் என்று உங்களால் சொல்ல முடியாது. மூளைப் படங்களின் நிலை ஏறக்குறைய இதுதான். ஜெர்மனியில் 1,800-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2022-இல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மனச்சோர்வு உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று ஒவ்வொரு வகைப் படத்தையும் தனித்தனியே வைத்துச் சொல்ல முயன்றபோது, நூற்றுக்கு 54 முதல் 56 வரைதான் சரியாக வந்தது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். நோய் இருக்கிறதா இல்லையா என்பதற்கே இந்த நிலை என்றால், எந்த மாத்திரை என்பது அதற்கும் அப்பால் இருக்கிற கேள்வி. இன்னொரு சிக்கலும் உண்டு. அதே ஆளை இரண்டு மாதம் கழித்து மறுபடி செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.-க்குள் படுக்கவைத்து அதே வேலையைக் கொடுத்தால், பல சமயம் அளவு கணிசமாக மாறிவிடுகிறது. முந்தின இரவு தூங்கினாரா, டீ குடித்தாரா, இயந்திரத்தின் இரைச்சலில் பயந்தாரா, தலையை அசைத்தாரா என்பதெல்லாம் படத்தில் ஏறிவிடும். 2020-இல் ஒரே படத் தொகுப்பை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து ஒரே கேள்விகளைக் கேட்டபோது, அலசும் முறை குழுவுக்குக் குழு வேறுபட்டதால் விடைகளும் பல இடங்களில் வேறுபட்டன. ஒரு மையம் உங்களிடம் வண்ணப் படத்தோடு உறுதியாக ஒரு மாத்திரைப் பெயரைக் கொடுத்தால், அந்த உறுதி படத்திலிருந்து வந்ததாக இருக்க முடியாது.

இதுவரை சொன்னது அறிவியல். இந்தக் கரையில் நோயாளிகளைப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மச்சானின் அவசரத்தில் அது இருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கே குடும்பங்கள் ஸ்கேன் கேட்பது மருந்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் அல்ல, சாட்சிக்காக. மாமியார் "வேலைக்கு வளையாத உடம்பு" என்கிறார். அக்கம்பக்கத்தில் காத்து கறுப்பு என்கிறார்கள். ஒருவர் செய்வினை என்கிறார், இன்னொருவர் நரம்புத் தளர்ச்சி, டானிக் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார். தானே வேண்டுமென்று இப்படிக் கிடக்கவில்லை என்பதை அந்தப் பெண்ணால் யாருக்கும் நிரூபிக்க முடிவதில்லை. படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்துவிட்டால் எல்லார் வாயும் அடைபடும் என்று நினைக்கிறார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடப்பது பெரும்பாலும் இதற்கு எதிராக. சாதாரண எம்.ஆர்.ஐ. எடுத்தால் மனச்சோர்வு உள்ளவருக்கு அநேகமாக 'குறை ஒன்றும் இல்லை' என்றே ரிப்போர்ட் வரும். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பார், ஸ்கேனே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது, எழுந்து சோறு ஆக்கு" என்று நோயாளியிடம் சொன்ன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சாட்சியாக அழைத்து வந்தது எதிர்க்கட்சிக்குப் போய்விடும். உங்கள் அக்காவின் நோய்க்குச் சாட்சி அவர் சொல்வதும், நீங்கள் கண்ணால் காண்பதும்தான்: தூக்கம் போனது, சாப்பாடு குறைந்தது, பிள்ளையைக் கொஞ்சுவதில்கூட மனம் ஒட்டாதது, முன்பு பத்து நிமிடத்தில் முடித்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆவது. அது போதும். உலகம் முழுவதும் மனச்சோர்வு அப்படித்தான் கண்டறியப்படுகிறது.

ஸ்கேன் அறவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அறுபது வயதுக்கு மேல் மனச்சோர்வு வந்தால், அல்லது அதனோடு மறதி, தடுமாற்றம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு, விடாத தலைவலியும் வாந்தியும், குணமே ஆள் மாறிப்போனது போன்ற மாற்றம் இருந்தால், தயங்காமல் சாதாரண சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். வள்ளத்தில் வழுக்கித் தலையில் அடிபட்ட பெரியவர் சில வாரம் கழித்து மந்தமாகி, பேச்சு குறைந்து, மனச்சோர்வு போலவே தோன்றலாம். உள்ளே மெல்ல ரத்தம் கட்டியிருக்கும். மூளையின் முன்பகுதியில் மெதுவாக வளரும் கட்டியும் மாதக்கணக்கில் மனச்சோர்வு வேஷத்தில் இருக்கும். அங்கே ஸ்கேன் உயிரைக் காப்பாற்றும். அதை அரசு மருத்துவமனையிலேயே மருத்துவர் எழுதிக் கொடுப்பார். உங்கள் அக்காவுக்கு 34 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், இந்த அறிகுறிகள் எதையும் குறிப்பிடவில்லை. இருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் உள்ளே இருந்த கேள்வி. முதல் மாத்திரை வேலை செய்யாதது உங்கள் அக்காவுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரை வைத்து நடந்து 2006-இல் முடிவுகள் வந்த பெரிய ஆய்வில், முதல் மாத்திரையில் முழுதாகக் குணமானவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னார்கள். அதே தரவைப் பின்னர் மறுபடி கணக்கிட்டவர்கள் இன்னும் குறைவு என்கிறார்கள். ஆகவே இரண்டு மாத்திரை தோற்றதால் அக்காவின் நோய் தீராத நோய் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஆனால் அந்த இரண்டு மாத்திரைகளும் உண்மையிலேயே தோற்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். என்னிடம் 'மருந்து கேட்கவில்லை' என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு மருந்து சரியாகக் கொடுக்கப்படவே இல்லை. எஸ்சிட்டலோபிராம் ஐந்து மில்லிகிராமில் தொடங்கி அப்படியே ஒரு வருடம் ஓடியிருக்கும். பலருக்குப் பத்து வேண்டும், சிலருக்கு இருபது வரை போக வேண்டும். பத்து நாள் சாப்பிட்டதும் குமட்டல் வந்து நிறுத்தியிருப்பார்கள். அந்தக் குமட்டல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கையில் காசு இல்லாமல் மாத்திரை வாங்காமல் விட்டிருப்பார்கள். அல்லது படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன கலவரத்தில் மாத்திரை ஞாபகமே இருந்திருக்காது. சிலருக்குத் தூக்க மாத்திரை மட்டும்தான் மனச்சோர்வு மருந்து என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். எனவே பழைய சீட்டுகளை எல்லாம் எடுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நடுவில் எத்தனை நாள் விட்டது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாள் உங்கள் அக்காவுக்குச் செய்யப்போகும் நன்மை அந்த மையத்தின் வண்ணப் படத்தைவிட அதிகம் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்து, நோய் உண்மையில் என்ன என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் உடல் ஓய்ச்சல், மந்தம், எடை கூடுதல், அழுகை எல்லாம் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை இவையும் அப்படியே. இவை செலவில்லாமல் அரசு மருத்துவமனையில் பார்க்கக் கூடியவை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அக்காவுக்கு முன்பு எப்போதாவது சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, ஓயாமல் பேசிக்கொண்டு, கண்டபடி செலவு செய்துகொண்டு இருந்த காலம் உண்டா என்று யோசியுங்கள். அப்படி இருந்தால் அது இருமுனை நோயாக இருக்கலாம். அதற்கு வெறும் மனச்சோர்வு மாத்திரை போதாது. சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் செய்யும். அந்தக் காலத்தை நோயாளிகள் தாங்களாகச் சொல்வதில்லை, அது அவர்களுக்கு நல்ல காலமாகத் தோன்றியிருக்கும். கூடப் பிறந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு தொடங்கியதா, வேறு எந்த மாத்திரை சாப்பிடுகிறார், ரத்த உறவில் யாருக்காவது இப்படி இருந்து எந்த மருந்தில் தேறினார்கள் என்பதும் உதவும். கடைசியாகச் சொன்னதற்கு ஆய்வு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை, ஆனாலும் நான் கேட்காமல் விடுவதில்லை.

மாத்திரையால் மாற்ற முடியாதவையும் உண்டு. குழுக்கடன், வட்டி, வீட்டில் குடி, அடி. இவை ஓடிக்கொண்டிருக்கும்போது நான்காவது மாத்திரையும் தோற்கத்தான் செய்யும். உங்கள் வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் அக்காவைத் தனியாகப் பார்த்துப் பேச அனுமதியுங்கள். மச்சானும் நீங்களும் அறைக்குள் நின்றுகொண்டிருந்தால் சில விஷயங்கள் வெளியே வராது.

பேச்சு சிகிச்சை என்றால் நகரத்துக்காரர்கள் சமாச்சாரம் என்று இங்கே நினைக்கிறார்கள். கோவாவில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2017-இல் வெளியிட்டார்கள். மருத்துவம் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினார்கள். விட்டுப்போன அன்றாட வேலைகளையும் மனிதர்களையும் சிறிது சிறிதாகத் திரும்பப் பிடிக்கவைப்பதுதான் அந்தச் சிகிச்சையின் மையம். மூன்று மாதத்தில் அவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள்; வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். இது ஸ்கேன் எதுவும் இல்லாமல் கிடைத்த பலன், நம் நாட்டிலேயே, நம்மைப் போன்ற கடலோரத்தில். பாசி எடுக்கப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெண்ணிடம் நாளைக்கே கடலில் இறங்கு என்று சொல்வதல்ல இது. முதல் வாரம், கூடப் போகும் பெண்களோடு கரைவரை நடந்து வந்தால் போதும். மனம் சரியானபிறகு வேலைக்குப் போவோம் என்று காத்திருந்தால் மனம் சரியாவதில்லை. சிறிய வேலையைச் செய்யச் செய்யத்தான் மனம் மெதுவாகப் பின்னால் வருகிறது. இந்தச் சிகிச்சை யாருக்கு, ஃப்ளூயோக்செடின் மாத்திரை யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதை மத்தியப் பிரதேசத்தின் சுகாதார நிலையங்களில் இப்போது பெரிய அளவில் ஆராய்கிறார்கள். சாதாரண மக்களுக்கு எட்டும் தனிப்பட்ட சிகிச்சைத் தேர்வு ஸ்கேனைவிட முன்னதாக இந்த வழியில் வரும் என்பது என் எண்ணம். இது என் கணிப்பு மட்டுமே.

நீங்கள் கேட்காவிட்டாலும் காந்தத் தூண்டல் சிகிச்சையைப் பற்றி அந்த மையத்தில் பேசுவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். டி.எம்.எஸ். என்பது நெற்றியின் இடது மேற்புறத்தில் காந்தச்சுருளை வைத்து மூளைக்குத் துடிப்புகளை அனுப்பும் சிகிச்சை. மயக்க மருந்து வேண்டாம். மருந்தில் தேறாத மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008 முதல் அனுமதி உண்டு. இது உண்மையான சிகிச்சை. சுருளை எந்த இடத்தில் வைப்பது என்பதை ஒவ்வொருவரின் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துத் தீர்மானித்து, ஒரு நாளைக்கு பத்து அமர்வு வீதம் ஐந்து நாளில் முடிக்கும் முறைக்கு 2022-இல் அங்கே அனுமதி கிடைத்தது. அதன் சோதனையில் உண்மைச் சிகிச்சை பெற்ற 14 பேரில் 79 சதவீதம் குணம் என்று வந்தது. போலிச் சிகிச்சை, அதாவது துடிப்பு இல்லாமல் கொடுப்பது போலக் காட்டியது, பெற்ற 15 பேரில் 13 சதவீதம். பிரமிக்கவைக்கும் எண்தான், ஆனால் ஆட்கள் குறைவு. அந்தப் பலன் படத்தால் வந்ததா, ஐந்து நாளில் ஐம்பது அமர்வு கொடுத்ததால் வந்ததா என்றும் அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. 2024-இல் இங்கிலாந்தில் 255 பேரை வைத்து, இடத்தேர்வும் துடிப்பு கொடுக்கும் முறையும் வேறான இரண்டு வகைகளை ஒப்பிட்டார்கள். செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.-யில் மூளைப் பகுதிகளின் இணைப்புகளைப் பார்த்து இடம் குறித்தவர்களும், சாதாரண எம்.ஆர்.ஐ. பார்த்து இடம் குறித்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். ஆகவே என்றாவது டி.எம்.எஸ். தேவைப்பட்டால் சாதாரண முறையே போதும். அதையும் உங்கள் அக்காவின் மருத்துவர், மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காக நடந்து பலனில்லை என்று பார்த்தபிறகு தீர்மானிக்கட்டும்.

செய்ய வேண்டியது என்று பார்த்தால், ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். ஒவ்வொரு முறையும் பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்வித் தாளில் மதிப்பெண் போடச் சொல்லிக் கேளுங்கள். தமிழிலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை, 0 முதல் 27 வரை மதிப்பெண். நான்கு வாரத்தில் 20 என்பது 18 ஆகியிருந்தால் அளவைக் கூட்டவோ மாற்றவோ வேண்டும். 10 ஆகியிருந்தால் பொறுத்திருக்கலாம். 'பரவாயில்லை, அப்படியே இருக்கு' என்ற பேச்சை வைத்து மாதங்கள் ஓடுவதை இந்த எண் தடுக்கும். அம்மா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டால் போய் வாருங்கள், நான் யாரையும் தடுத்ததில்லை. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததற்குப் பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது. மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்தே போகலாம் என்ற ஏற்பாடு அங்கேயே இருக்கிறது. போகும் பையில் மாத்திரையும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரையை நிறுத்துவது பற்றி. இந்த வகை மாத்திரைகளைத் திடீரென விட்டால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், தூக்கமின்மை வரும். அதைவிட, அரைகுறையாகத் தேறியிருப்பதும் சரிந்துவிடலாம். ஒரு படத்துக்காக அந்த ஆபத்தை எடுக்கக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான். அக்கா சாவைப் பற்றிப் பேசினாலோ, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைப்பது போலப் பேசினாலோ, திடீரென்று எல்லாரிடமும் விடைபெறுவது போல நடந்தாலோ, அடுத்த மருத்துவர் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அப்படிக் கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயந்து கேட்காமல் இருக்க வேண்டாம். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. பூச்சிமருந்தையும் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள், நோயாளிக்குப் பதில் நீங்களும் அழைத்துப் பேசலாம். பழைய சீட்டுகளை எழுதி முடித்ததும் தேதிகளோடு இங்கே போடுங்கள். பெயர், மருத்துவர் பெயர் எதுவும் வேண்டாம். அந்த இரண்டு மாத்திரைகளும் போதிய அளவில், போதிய காலம் கொடுக்கப்பட்டனவா என்பதை மட்டும் பார்த்துச் சொல்கிறேன். அதை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.